சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மூளை ஆபரேஷன் என்றால் எல்லோருக்கும் டாக்டர்தான் ஞாபகம் வருகிறார். அவர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் அந்தத் தலையை ஒருத்தி வழுவழுவென்று சிரைத்து வைத்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்த ஒருத்தி நான்தான். உங்கள் வேலையிலும் உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உங்களைத் தாண்டி உள்ளே போயிருப்பார்கள். நீங்கள் வாசலில் நின்று பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் என்னைத் தப்பாக நினைப்பார்கள்.

சனிக்கிழமை டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தியது ஒரு டாக்டரும் அவர் மனைவியும். டாக்டரம்மா பிரசவம் பார்ப்பார். ஐயாவோடு கூடப் படித்த ஒருவர் மெட்ராசில் மூளை டாக்டர். சனிக்கிழமை தோறும் காரில் வந்து, தலையில் அடிபட்டவர்களையும் கட்டி வந்தவர்களையும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அன்றைக்கே ஆபரேஷனும் செய்துவிட்டுப் போவார். அவர் வர ஆரம்பிப்பதற்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தவனையும் கல் குவாரியில் அடிபட்டவனையும் வேனில் போட்டு மெட்ராசுக்கு அனுப்புவார்கள். பாதிப் பேர் செங்கல்பட்டைத் தாண்ட மாட்டார்கள்.

தலை சிரைக்க முதலில் கூப்பிட்டது என் வீட்டுக்காரரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருந்தார். எங்கள் குடும்பத் தொழில் அது. ஆனால் பெண்களின் தலையில் ஆண் கை வைக்கக் கூடாது என்று ஒரு மாமியார் தகராறு செய்ததால் என்னைக் கூட்டிப் போனார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கத்தி பிடிக்க மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு கீறல் விழாமல் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆண், பெண் எல்லாத் தலையும் எனக்கே என்று ஆகிவிட்டது.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் பழையபடி வேன்தான். வேன் ஓட்டிய காதர் பாய் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுப்பார்: "நம்ம ஊர்ல மண்டைய ஒடைச்சிக்கிறவன் வெள்ளிக்கெயம சாய்ங்காலமா பார்த்து ஒடைச்சிக்கணும்."

கோடு

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெளிச் செருப்பு போகக் கூடாது. பச்சை உடையும் தொப்பியும் உள்செருப்பும் போட்டவர்கள் மட்டும்தான் போகலாம். நான் தலையைச் சிரைத்து, டெட்டால் தண்ணீரில் துடைத்து, ஸ்ட்ரெச்சரைக் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவேன். உள்ளே இருந்து ஒரு கை வந்து இழுத்துக்கொள்ளும். கதவு மூடிவிடும்.

எனக்கு ஒரே ஆசைதான். நான் சிரைத்துக் கொடுத்த தலைக்குள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். உள்ளே வேலை செய்யப் பத்தாவதாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ஸ்டெல்லா வந்தாள். மானாம்பதி பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடப் போகிறவர்கள். இவள் பன்னிரண்டாவது முடித்து, தியேட்டர் வேலைக்கு ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தாள். அப்போது இருபத்தொரு வயசு.

முதல் சனிக்கிழமை ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது என் கால் கட்டை விரல் கோட்டின் மேல் பட்டுவிட்டது போலிருக்கிறது. மூன்று வருஷம் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே நின்றவளைப் பார்த்து, வந்து நாலு நாள் ஆன பெண் சொன்னாள்: "அக்கா, கோட்டுக்கு அந்தாண்ட நில்லு. கிருமி வரும்."

தச்சர் கேட்ட சத்தம்

மண்டையில் துளை போட எங்களிடம் மின்சார மிஷின் எல்லாம் கிடையாது. கையால் சுற்றுகிற துரப்பணம்தான், அதன் முனைக்குப் பிட்டு என்று பேர். கதவில் துளை போடத் தச்சர்கள் வைத்திருப்பது போலவே இருக்கும், என்ன, பளபளவென்று இருக்கும். சாலவாக்கத்திலிருந்து ஒரு வயசான தச்சர் வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தவர். அப்போது ஒன்றும் தெரியவில்லை. போகப் போகத் தலைவலியும் ஒரு கால் இழுப்பும் வந்துவிட்டது. மண்டை ஓட்டுக்கு அடியில் பழைய ரத்தம் தேங்கியிருந்தது. அதற்கு மயக்கம் கொடுக்காமல், தோல் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டுத் துளை போடுவார்கள். ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அவருக்குத் தலையில் இரட்டைச் சுழி. சிரைக்கக் கஷ்டப்பட்டேன். ஒரு மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டே எடுத்தேன். ஆனால் அவர் பேசினதிலேயே நல்ல பேச்சைக் கேட்டவள் ஸ்டெல்லா. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் போலவே குரலை மாற்றி எல்லோருக்கும் சொல்லிக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் நியாயமாக அது என் காதில் விழ வேண்டிய பேச்சு. பச்சைத் துணிக்கு அடியிலிருந்து தச்சர் சொன்னாராம்: "டாக்டரே, பிட்டு மொண்ணையா கீது, சத்தத்துலயே தெரியுது. சாயங்காலம் எங்க பட்டறைக்கு அனுப்பு, சாணை புடிச்சித் தரேன்."

கிரகணம் பார்த்த படம்

அந்த நாளில் ஸ்கேன் எடுக்கக் காஞ்சிபுரம் போக வேண்டும். பெரிய கவரில் கறுப்புப் படம் தருவார்கள். அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் காட்டும் வரை அது நோயாளியின் வீட்டில்தான் இருக்கும். ஒரு விவசாயி தன் மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார். கவரைப் பிரித்தால் என் கையெல்லாம் கரி. நடுவில் சூரிய கிரகணம் வந்திருக்கிறது. ஊரில் ஒருவர் கறுப்புப் படம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியும் கண் கூசியதால் விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றியிருக்கிறார்கள்.

நான் ஈரப் பஞ்சால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் துடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. சுத்தமானதும் ஸ்டெல்லா வந்து என் கையிலிருந்து வாங்கி, கோட்டைத் தாண்டிப் போய், விளக்குப் பெட்டியில் மாட்டினாள். டாக்டர் நல்ல வேளை தப்பித்தது என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் யாருக்குச் சேர வேண்டியது என்று சொல்லுங்கள். ஆனால் அந்த விவசாயிக்கு அதெல்லாம் கவலையே இல்லை. அவர் கவலை வேறு: "ஊரே பார்த்திச்சி சார். சூரியன் நல்லா தெரிஞ்சிது. அவ மூளைக்கு ஒண்ணும் சூடு பட்டிருக்காதே?"

மஞ்சள் துணி

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டி வந்த ஒரு சின்னப் பெண். ஆபரேஷனுக்கு எல்லாம் தயார். கத்தியை எடுத்தால் அவள் மாமியார் குறுக்கே வந்து நின்றுவிட்டார். முடியைத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாகிவிட்டது, சாமிக்குச் சொன்னதை ஆஸ்பத்திரிக் குப்பையில் போட முடியாது என்றார். ஐயா சொல்லிப் பார்த்தார், சனிக்கிழமை டாக்டர் கோபப்பட்டும் பார்த்தார். அந்தம்மா அசையவில்லை. பெண்ணைக் கிளப்பிக்கொண்டு போக வண்டி பேசவும் ஆள் அனுப்பிவிட்டார்.

நான்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு மயிரு கீய வுட மாட்டேம்மா. கெயக்க பார்க்க உக்கார வச்சி, மொத பிரி முருகன் பேர் சொல்லி எடுக்கறேன். அத்தினியும் மஞ்சத் துணில கட்டி உன் கையில குடுக்கறேன். நீ எடுத்துக்கினு போய் செலுத்து" என்றேன். சரி என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆனது. அலமாரியில் மஞ்சள் துணி அடுக்கி வைத்தேன். வேளாங்கண்ணிக்கு வேண்டியவர்களுக்கும் கட்டிக் கொடுத்தேன். வாலாஜாபாத் மளிகைக் கடைக்கார பாய் ஒருவர் மண்ணில் புதைக்க வேண்டும் என்றார். அவருக்கு வெள்ளைத் துணி. அதற்குப் பிறகு முடிக்காக ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

மெட்ராசிலிருந்து பெரிய டாக்டர்கள் சிலர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார்கள். கிராமத்தில் எப்படி இவ்வளவு பேர் பயப்படாமல் மூளை ஆபரேஷனுக்கு வருகிறார்கள் என்று கேட்டார்களாம். ஸ்டெல்லா அலமாரியைத் திறந்து மஞ்சள் துணியைக் காட்டினாள். ஆளாளுக்கு அதை எடுத்துப் பார்த்தார்கள். அவளை நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் சோப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். அந்தப் போட்டோவின் ஓரத்தில் என் முழங்கை இருக்கிறது. சாயங்காலம் நானே போய்க் கேட்டதற்கு அவள் சொன்னாள்: "உன் பேரைச் சொல்லத்தான்க்கா வந்தேன். அதுக்குள்ள சிரிங்கன்னுட்டாங்க."

இரண்டு தொப்பி

ஸ்டெல்லாவுக்கு நேர் முடி, இடுப்புக்குக் கீழே வரும். அடர்த்தி என் மணிக்கட்டு அளவு. தலைமுடியிலேயே பிழைக்கிறவள் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முடியை நான் தொட்டதில்லை. எனக்கு ஒரு காய்ச்சலில் கொட்டியது கொட்டியதுதான். கொண்டை போட்டால் எலுமிச்சம்பழம் அளவுதான் வரும். தியேட்டர் தொப்பி ஒன்று அவளுக்குப் பத்தாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவாள்.

இப்படி முடி வைத்திருந்தால் கிருமி வராதா என்று டாக்டரம்மா காதில் விழும்படி ஒருநாள் சொன்னேன். பொதுவாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு இன்னும் இரண்டு டஜன் தொப்பிக்குச் சொல்லிவிட்டார். வெளியே காதர் பாய் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிற மனிதர். "யம்மா மல்லிகா, ஒரு நாளிக்கி அந்தப் பொண்ணு ஒங்கையில மாட்டுனா இன்னா பண்ணுவேன்னு நெனச்சா எனக்கே பேஜாரா கீது" என்றார்.

கோள்

ஸ்டெல்லா வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கே ஸ்கேன் மிஷின் வந்துவிட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தம்பியின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டு, வெள்ளைக் கோடு அடிக்காமல் விட்டிருந்தார்கள். வண்டி தூக்கிப் போட்டது. விழுந்தவள் தானே எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். சாப்பாட்டு டப்பா மட்டும் நசுங்கிவிட்டது என்றாள். கையெழுத்துப் போட்டாள். கத்திரிக்கோல்களை அடுக்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்து நான் தியேட்டர் வாசலில் சோப்பு கரைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வராந்தாவிலிருந்து வந்து, வெளிச் செருப்போடு, சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். தொப்பியும் இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாள் கூட அவள் அப்படிச் செய்ததில்லை. என் மனசு குதித்தது என்றால் நம்புவீர்களா? கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். நல்ல எண்ணத்தில் ஓடவில்லை. கோள் சொல்லத்தான் ஓடினேன். "எங்களுக்கு ஒரு கட்ட வெரல் பட்டா கிருமி. அவ செருப்போட போறா, வந்து பாருங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஸ்டெல்லாவா? செருப்போடவா?" என்று எழுந்து ஓடினார். உள்ளே ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து, கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் வலது காதுக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது. அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய சனிக்கிழமை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம். முடி ரைட் சைடு எடுத்தா போதும், முழுசா எடுத்தாலும் சரி. சீக்கிரம்."

வலது காதுக்கு மேலே

அந்த முடி என் கையில் இருந்தது. பக்கம் மாறிவிடக் கூடாது என்று எப்போதும் முழு மொட்டைதான் எங்கள் வழக்கம். அன்றைக்கும் முழுசாக எடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆறு வருஷமாக என் கண்ணை உறுத்திய முடி. பின்னலைப் பிரித்தேன். 

டாக்டர் மையால் குறி போட்டிருந்தார். அந்தப் பக்கம் மட்டும் எடுத்தேன். காதுக்கு முன்னாலிருந்து பின் மண்டை வரைக்கும். அதுதான் சீக்கிரமும் கூட. மீதியை இடது பக்கம் ஒதுக்கி, பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினேன். முதல் பிரியை அவள் மாதாவின் பேரைச் சொல்லி எடுத்தேன். எனக்கு அவள் சாமியைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, வாய்க்கு வந்தபடி கூப்பிட்டேன். ஸ்டெல்லா பாதிக் கண்ணைத் திறந்தாள். நான் ஸ்ட்ரெச்சரைக் கோடு வரைக்கும் தள்ளிவிட்டேன். உள்ளே இழுத்துக்கொள்ள ஆள் இல்லை, இழுக்கிற கைதான் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்ததே. குழறிக் குழறி அவள் சொன்னது இதுதான்: "அக்கா... கோட்டுக்கு அந்தாண்ட நில்லு."

உள்ளே

டாக்டரம்மாவே கை கழுவிக்கொண்டு டாக்டருக்கு உதவிக்கு நின்றார். மயக்கம் கொடுப்பவர் தலைமாட்டில். ஓடியாடி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். டாக்டரம்மா என்னைப் பார்த்து, செருப்பைக் கழற்றி உடை மாற்றிக்கொண்டு வா என்றார். இருந்தது ஸ்டெல்லாவின் உள்செருப்பு ஒன்றுதான். என் குதிகால் வெளியே நின்றது. கோட்டைத் தாண்டினேன். தாண்டினதே தெரியவில்லை.

ஒன்பது வருஷமாக நான் பார்க்கத் துடித்தது இதுதான்: டாக்டரின் முதுகு. நாலு பக்கமும் பச்சைத் துணி. தையல்காரர் கடை போல ஏதோ சின்னச் சின்னச் சத்தம். உறிஞ்சுகிற குழாயின் சத்தம். குளிரில் பல் அடித்துக்கொண்டது. கால் கடுத்தது. நான் ஸ்டெல்லாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கு வெளியே அது மட்டும்தான் தெரிந்தது. குதிகாலில் நாற்று நடுகிறவர்களுக்கு வருகிற மாதிரி வெடிப்பு. லீவு நாளில் அவளும் வயலுக்குப் போகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரத்தக் கட்டி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். உன் பேர் என்ன என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்: "மல்லிகா, லைட்டை மறைக்காதே."

மீதி

மூன்று மாதம் ஸ்டெல்லா வரவில்லை. அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் நான் உள்ளேதான். அவள் செருப்புக்கு என் கால் கொஞ்சம் பழகியும் விட்டது. நான் சரியான நேரத்தில் கவனித்ததால்தான் அவள் பிழைத்தாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அவள் அம்மா ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். நான் எதற்காக ஓடினேன் என்று அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? வேர்க்கடலையை வறுத்தும் பார்த்தேன், அவித்தும் பார்த்தேன். தின்ன மனசு வராமல் மீதியைக் காதர் பாயிடம் கொடுத்தேன், அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வாசலில் ஸ்டெல்லா. தலையில் முந்தானையைப் போர்த்தியிருந்தாள். என்னை இழுத்துக்கொண்டு போய் சிரைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்தாள். ஒரு பக்கம் நீள முடி, ஒரு பக்கம் முள் முள்ளாக. "ஏன்க்கா பாதியோட வுட்ட? முயுசா எடுத்திருந்தா வேளாங்கண்ணி போயாந்தேன்னு சொல்லிக்கினு ஜம்முனு இருந்திருப்பேன். இப்போ பஸ்ஸுல எல்லாரும் இன்னா ஆச்சி, இன்னா ஆச்சின்னு உசுர எடுக்கறாங்க. மீதியயும் எடு" என்றாள். நான் அவ்வளவு பெரிய மனசு பண்ணி விட்டுவைத்ததை நானே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மஞ்சள் துணி பத்தவில்லை, இரண்டு துணி ஆனது.

முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய்த் தன் உள்செருப்பைப் போட்டுக்கொண்டாள். யாரும் என்னை வெளியே போ என்று சொல்லவில்லை, செருப்பு ஒன்றுதான் இருந்தது. நான் சோப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தேன். கதவை மூடப் போனவள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ கோள் சொல்லத்தான் ஓடினேன்னு காதர் பாய் சொன்னாருக்கா. பரவால்ல, எம்மேல ஒரு கண்ணு எப்பவும் அப்பிடியே வையி."

இத்தனை தலைகளைச் சிரைத்ததில் நான் தெரிந்துகொண்டது, முடியையும் பொறாமையையும் எவ்வளவு ஒட்ட எடுத்தாலும் திரும்ப முளைத்துவிடும் என்பதுதான், அதிலும் ஸ்டெல்லாவுக்கு முளைத்தது சுருட்டை.